ஆயிரம் ஆண்டுக் கல்

கொன்ஸ்ரன்ரைனுக்குப் பொன்னாடை போர்த்திய படம் பல்கலைக்கழக பட்ஜ் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, கதிர்காமநாதன் கொழும்பு வெள்ளவத்தையில் தன் மாடிவீட்டு பல்கனியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கரையோர ரயில் ஒன்று கீழே தடதடத்துப் போயிற்று. தேநீரில் போதிய சீனி இருந்தது. இருந்தும் கசந்தது.

படத்தில் கொன்ஸ்ரன்ரைன் சற்றே தலை குனிந்து நின்றார். பணிவைப் படம்பிடிக்க வருகிறவனுக்கு எந்தக் கோணம் வசதி என்று தெரிந்து குனிகிற குனிவு. பம்பலப்பிட்டியில் ஏதோ குளிரூட்டிய மண்டபம். பின்னால் தொங்கிய பதாகையில் ‘ஆயிரம் ஆண்டுத் தொலைநோக்கில் சுரங்க மூடல்’ என்று பொன்னிற எழுத்து. குழுவில் இருந்த பழைய மாணவர்கள் எல்லாரும் கைதட்டும் படங்களைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதிர்காமநாதனும் ஒரு பெருவிரலைப் போட்டார். போடாவிட்டால் பொறாமை என்பார்கள். போட்டதும் பொறாமைதான், ஆனால் அது தெரியாது.

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டபடி இரத்தினம்மா பல்கனிக்கு வந்து உடுப்புகளை எடுத்தாள்.

"ஐந்நூறு எண்டு முதல்முதல் சொன்னது நான்."

"என்ன ஐந்நூறு?"

"வருசம். கன்ரீனில வைச்சுச் சொன்னனான். சுரங்கத்தை மூடேக்க ஐம்பது வருசத்தை யோசிச்சால் காணாது, ஐந்நூறு வருசத்தை யோசிக்கவேணும் எண்டு. இவன் வடையைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன்."

"பிறகு?"

"பிறகென்ன? ரெண்டால பெருக்கிப்போட்டான்."

பெருக்கியவருக்குப் பொன்னாடை. முதலில் எண்ணைச் சொன்னவருக்குப் பல்கனி.

இருவரும் பேராதனையில் ஒன்றாகப் பொறியியல் படித்தவர்கள். புள்ளிகளில் கதிர்காமநாதன் முன்னால். அதன்பின் எல்லாவற்றிலும் கொன்ஸ்ரன்ரைன் முன்னால். கொட்டாஞ்சேனைக்காரரான கொன்ஸ்ரன்ரைன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்க் கலாநிதிப் பட்டமும், கையில் பொத்தான் வைத்த சேர்ட்டும், எந்தக் கேள்விக்கும் முன்னால் மூன்று விநாடி மௌனம் காக்கிற பழக்கமும் கொண்டு திரும்பினார். கதிர்காமநாதன் போகவில்லை. கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்று நம்பி இங்கேயே இருந்துவிட்டார்.

விஷயம் இதுதான். சப்ரகமுவ மலைப்பக்கம் ஒரு காரீயச் சுரங்கம். பென்சிலுக்குள் இருக்கிற அதே காரீயம். தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து இப்போது வெறும் குகையாகிவிட்டது. குகையை மூடுவது பெரிய காரியமில்லை. வெளியே கொட்டிய கழிவுப்பாறை மேடுதான் சிக்கல். அதில் கந்தகம் இருந்தது. காற்றும் மழைநீரும் அதைத் தொட்டால் அமிலம் ஊறி ஓடையில் இறங்கும். ஓடையிலிருந்து வயலுக்கும் கிணறுகளுக்கும் போகும். ஆகவே மேட்டுக்குமேல் தண்ணீர் புகாத களிமண் போர்வை ஒன்று போட்டு, அதன்மேல் மண் பரப்பி, புல் வளர்க்கவேண்டும். போர்வை எவ்வளவு காலம் நிற்கவேண்டும்? பாறைக்குள் இருக்கிற கந்தகம் எவ்வளவு காலம் இருக்குமோ அவ்வளவு காலம். அதாவது, அந்தப் பக்கத்து மொழியும் சமயமும் அரசாங்கமும் மாறிப்போன பிறகும்.

இன்றைய மழையை அளக்கலாம். நாளைய மழை அப்படியில்லை. வறட்சி நீளும், களிமண் வெடிக்கும், பிறகு ஒரு மாதத்து மழை ஒரு பின்னேரத்தில் கொட்டும். காலநிலைக் கணினி மாதிரிகள் இந்த நூற்றாண்டின் கடைசிவரை கொஞ்சம் தயக்கத்தோடு ஏதோ சொல்லும். அதற்கப்பால் அவை வாய் திறப்பதில்லை. கொன்ஸ்ரன்ரைன் திறந்தார்.

அநியாயம் என்னவென்றால், அவர் போட்ட மூடல் திட்டம் நல்ல திட்டம். வறட்சிக்கும் பெருமழைக்கும் எட்டிய மட்டும் இடம்விட்டு, தெரியாததைத் தெரியாது என்று எழுதிப் போட்டிருந்தது. அதைச் சரிபார்க்கச் சுரங்கக் கம்பனி நியமித்த ஆள் கதிர்காமநாதன். வரிக்கு வரி தேடியும் பெரிய பிழை அகப்படவில்லை. கூடாத திட்டமாக இருந்திருந்தால் அவர் கொன்ஸ்ரன்ரைனை எவ்வளவோ நேசித்திருப்பார்.

கல் என்ற பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான்.

பம்பலப்பிட்டிக் காரியாலயத்தில் மூடல் குழு கூடியிருந்தது. களிமண் பற்றிய படங்கள் ஓடிக்கொண்டிருந்தவரை அங்கத்தவர்கள் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். திரையில் வந்த வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர், "ஆயிரம் வருடத்தில் மக்கள் இந்த இடத்தை மறந்துபோவார்கள். யாராவது வீடு கட்டத் தோண்டினால் போர்வை போய்விடும். எச்சரிக்கும் அடையாளம் ஒன்று வைப்பதைப் பற்றி யோசியுங்கள்" என்றார்.

"கல்லொண்டு வைப்பம்," என்றார் திட்ட முகாமையாளர் புவாத்.

கல் என்றதும் சபை விழித்துக்கொண்டது. நம் நாட்டில் பொதுக் கழிப்பறை திறந்தாலும் கல் உண்டு. இன்னாரின் எண்ணக்கருவில், இன்னாரின் வழிகாட்டலில், இன்னாரின் பொற்கரங்களால் என்று. மற்றக் கற்களெல்லாம் அடுத்த தேர்தல்வரைதான். இது ஆயிரம் ஆண்டுக் கல். அங்கத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் கொலரைச் சரிசெய்தார்கள். பெயர் இப்போதே பொறிக்கப்படுகிற மாதிரி.

அன்று மாலைக்குள் வாசகம் தயாராகிவிட்டது. உச்சியில் ‘எண்ணக்கருவும் வடிவமைப்பும்: கலாநிதி கொன்ஸ்ரன்ரைன்’. பிறகு பிரதம அதிதி, தலைவர், உபதலைவர், பணிப்பாளர்கள். எல்லாம் மும்மொழியில். அடியில் சிறிய எழுத்தில் ‘இங்கே தோண்டாதீர்கள்’. சரிபார்த்தவரின் பெயர் இல்லை. சரிபார்த்தவர் பெயரைக் கல்லில் போடுகிற வழக்கம் எங்கும் இல்லையாம்.

"ஆயிரம் வருசத்துக்குப் பிறகு ஆர் இருந்து வாசிக்கப்போறான்?" என்று கேட்டாள் இரத்தினம்மா.

"வாசிக்கிறானோ இல்லையோ, அவன்ர பேர் நிக்குமல்லோ."

"நிண்டால் உங்களுக்கென்ன, நாங்கள் நிக்கப்போறமே?"

அதுதான் அவரைத் தின்றது. உயிரோடு இருக்கும்வரை கொன்ஸ்ரன்ரைனைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒருநாள் முடியும். செத்த பிறகும் முடியாதாம்.

கல்லைக் கொட்டாஞ்சேனையில் பிறெடி வெட்டிக்கொண்டிருந்தார். காலாகாலமாகக் கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர். பெயருக்குரியவர்கள் உயிரோடு வந்து எழுத்தைத் தடவிப் பார்ப்பது அவருக்குப் புது அனுபவம். கதிர்காமநாதன் ஒரு அலுவலாக அந்தப் பக்கம் போனதாகச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். கருங்கல் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. உச்சி வரியை வெட்டி முடித்தாயிற்று. மற்றவை சோக்குக் கோடுகளாக இருந்தன. உச்சி வரியின் முன்னால் ஒரு கைக்குட்டையோடு கொன்ஸ்ரன்ரைன் குந்தியிருந்து தன் பெயரிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய் கதிர்! நீயுமா?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனான்."

"வா வா, பாரு. எப்பிடி? ‘கலாநிதி’ கொஞ்சம் சின்னதாப் போச்சு என்ன?"

"இல்லை, தூரத்தில நிண்டாலும் தெரியும்."

கொன்ஸ்ரன்ரைன் எழுந்து மூன்று விநாடி மௌனம் காத்தார். "மச்சான், உன்ட பேர் இல்ல. பெரிய பிழை அது. நான் புவாத்திட்ட கதைக்கிறன்."

"எனக்கு உதெல்லாம் தேவையில்லை."

"தேவையில்லண்டு சொல்றவன்ட பேரத்தான் போடோணும். நான் சொன்னாப் போடுவாங்க. கீழ ஒரு இடம் எடுத்துத் தாறன்."

கீழ. கதிர்காமநாதன் சிரித்து, நன்றி சொல்லி, பிறெடி கொடுத்த சோடாவையும் குடித்துவிட்டு வந்தார். பஸ்சில் வெள்ளவத்தை வரும்வரை அந்த ஒரு சொல் பக்கத்துச் சீற்றில் குந்திக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமையே புவாத் தொலைபேசி எடுத்தார். "சேர், ஒங்கட பேரும் போடுறதாத்தான் முடிவு. கொன்ஸ்ரன்ரைன் சேர் ஒங்களுக்காக நல்லாப் பேசினார். பெரிய மனசு அவருக்கு."

"ஓம், ஓம். பெரிய மனசுதான்."

"பேர் கூடினதால கல்லும் ஒசந்திட்டு சேர். பிறெடிக்கிட்ட பெரிய பலகை ஒண்டு ஈக்கி, அடியில ஒட்டித் தாறாராம். அத்திவாரத்த மட்டும் நீங்க ஒருக்காப் பாத்து ஒப்பம் வெச்சித் தந்தாச் சரி. ஒங்கட பேர வெட்டுறது அதுக்குப் பொறகுதான்."

கதிர்காமநாதன் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். கல்லை வைக்க மேட்டின் உச்சியைத் தவிர வேறு இடமில்லை. அடிவாரத்தில் வைத்தால் வருங்கால வெள்ளம் கொண்டுபோகும். சரிவில் வைத்தால் மண்சரிவு கொண்டுபோகும். உச்சிதான் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று திட்டமே சொல்லியது. கல் உயர்ந்தால் காற்றுக்குத் தாக்குப்பிடிக்க அத்திவாரம் ஆழவேண்டும். ஆழத்தைக் குறைத்து அகலமாகப் போட்டாலோ அதன்மேல் மழைநீர் தேங்கி ஓரத்தால் உள்ளே இறங்கும்.

மற்றவர்களின் பெயர்களோடு கணக்குப் பார்த்தார். அத்திவாரம் மேல்மண்ணிலேயே நின்றது. களிமண்ணுக்கு ஒரு சாண் மிச்சம். பிறகு தன் பெயரைச் சேர்த்தார். கதிர்காமநாதன் என்பது சின்னப் பெயரல்ல. ஒவ்வொரு மொழியிலும் அடுத்த வரிக்கு ஓடுகிற பெயர். கல் எழும்பியது. அத்திவாரம் களிமண்ணைக் கிழித்துக்கொண்டு கீழே போயிற்று.

மீண்டும் பார்த்தார். மீண்டும் கிழித்தது.

இரத்தினம்மா வெங்காயம் உரிக்க இடம் கேட்டு மேசைப் பக்கம் வந்தாள். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி?"

அவர் சொன்னார். அவள் வரைபடத்தை ஒருதரம் பார்த்தாள்.

"அப்ப தோண்டாதேங்கோ எண்டு எழுதி வைக்கிறதுக்கு நீங்களே தோண்டப்போறியளோ?"

இத்தனை பொறியியலாளர்கள், ஒரு வெளிநாட்டு ஆலோசகர், ஒரு பொன்னாடை. ஒருவருக்கும் படாதது வெங்காயத்தோடு வந்து விழுந்தது.

"உங்கட பேரை எடுத்துவிடுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது," என்றாள் அவள்.

"என்ர பேரை எடுத்தால் அவன்ர பேர் நிக்கும்."

"நிக்கட்டுமே."

"ஆயிரம் வருசம், இரத்தினம்!"

அடுத்த கூட்டத்தில் முதலில் நாகரிகமாகவே முயன்றார். "பட்டங்களை எடுத்தால் கல் உயரம் குறையும். கலாநிதி, பொறியியலாளர், கௌரவ... இதெல்லாம் வெறும் பாரம்தானே?"

சபையில் ஒரு சலசலப்பு. பிரதம அதிதியின் ‘கௌரவ’வை எடுத்தால் பிரதம அதிதியே வரமாட்டார் என்றார்கள்.

"மச்சான், பட்டத்த எடுத்தா பொறகு வாறவன் என்னச் சும்மா ஆளெண்டு நினைக்கமாட்டானா?" என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன். பிறகு வருகிறவன் ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவன்.

"அப்ப அந்தத் தோண்டாதீங்கண்ட வரிய எடுத்தா?" என்றார் புவாத். "அது மூணு வரி சேர்."

சபை அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தது. எச்சரிக்கையைத் தனியாக ஒரு தகரப் பலகையில் எழுதிப் பக்கத்தில் நடலாம் என்று உபதலைவர் சொன்னார். நல்ல யோசனை என்றார்கள். ஆனால் முடிவு எட்டப்படவில்லை. அத்திவாரத்துக்குச் சரிபார்ப்பவர் ஒப்பமிடும் கூட்டம் அடுத்த வாரத்துக்குப் போயிற்று.

அந்த வாரம் முழுவதும் கதிர்காமநாதன் ஒரே வேலையாக இருந்தார். தன் பெயரை எடுத்தாலும் கல் நிற்கக்கூடாது. அதற்குக் காரணம் ஒன்று வேண்டும். தேடினார். அகப்பட்டது. அதுவும் கொன்ஸ்ரன்ரைனின் திட்டத்துக்குள்ளேயே. அந்த நீண்ட வறட்சி வருகிறபோது மேல்மண் சுருங்கி, கொங்கிரீற்றை விட்டு விலகி, சுற்றிவர ஒரு வெடிப்பு விடும். அடுத்த மழை அந்த வெடிப்பால் நேரே களிமண்ணில் இறங்கித் துளைக்கும். ஆழமான அத்திவாரமென்றாலும் ஆழமில்லாத அத்திவாரமென்றாலும் ஒன்றுதான். அது உண்மையான காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்மையான மனிதனுக்கு ஒரு மணித்தியாலம் போதும்; இவருக்கு ஒரு வாரம் எடுத்தது. இவர் தேடியது களிமண்ணுக்காக அல்ல.

ஆனாலும் கூட்டத்துக்குப் போகிறபோது மனம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒப்பம் வைத்தால் பெயர் நிற்கும். ஓடை கெட்டுப்போவது இன்றைக்கோ நாளைக்கோ அல்ல. அவர் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில். யார் வந்து கேட்கப்போகிறான்? பேனை கைக்கு வந்துவிட்டது.

அப்போது புவாத் கல்லின் படத்தைத் திரையில் போட்டார். நிஜமாகப் பார்ப்பதுபோல் நிழலும் வெயிலும் வைத்துச் செய்த படம். உச்சியில் கொன்ஸ்ரன்ரைன். அதன்கீழே வரிசை வரிசையாக மற்றவர்கள். எல்லாருக்கும் கீழே, புல்லோடு புல்லாக, கதிர்காமநாதன். யாரோ ஆசையாக மழைக்காட்சி ஒன்றும் செய்திருந்தார்கள். தண்ணீர் கொன்ஸ்ரன்ரைனின் எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொரு பெயராக வழிந்து வந்து, கடைசியில் அவருடைய பெயரின்மேல் சேறாக நின்றது.

ஆயிரம் பருவமழை. ஒவ்வொன்றிலும் அவன் கழுவிய தண்ணீர்.

"இந்தக் கல்லை அந்த மேட்டில வைக்கேலாது," என்றார் கதிர்காமநாதன்.

பேனையை மூடிவிட்டு, விளக்கமாகச் சொன்னார். வறட்சி, வெடிப்பு, களிமண், அமிலம், ஓடை. தடுமாறாமல் சொன்னார். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை. "தோண்டாதேங்கோ எண்டு சொல்லுறதுக்கு நாங்களே தோண்டப்போறம்," என்று முடித்தார். அது இரத்தினம்மா சொன்னது என்று சொல்லவில்லை. ஐந்நூறைப் பறிகொடுத்த ஆளே இப்போது ஒரு வசனத்தைப் பறித்துக்கொண்டார்.

எல்லாரும் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார்கள். கதிர்காமநாதனும் பார்த்தார், அந்த முகம் விழுகிறதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு.

கொன்ஸ்ரன்ரைன் எழுந்தார். மூன்று விநாடி மௌனம். பிறகு இன்னும் மூன்று.

"இதத்தான் நான் இவ்வளவு நாளும் சொல்லாமச் சொல்லிக்கொண்டு வந்தன்," என்றார். "அடையாளம் இல்லாத மூடல்தான் உண்மையான மூடல். மனுசன் தன்ட பேர விட்டுட்டுப் போகப் பழகோணும். நண்பர் கதிர்காமநாதன் என்ட எண்ணத்த அழகா எடுத்துச் சொன்னதுக்கு நன்றி."

கைதட்டல். உபதலைவர் கண்ணைத் துடைத்தார். கூட்டக் குறிப்பில் ‘கலாநிதி கொன்ஸ்ரன்ரைனின் அடையாளமற்ற மூடல் கோட்பாடு ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதினார்கள்.

இருந்தாலும் அன்று கதிர்காமநாதன் மீன் பொதிந்த மாலுபாண் இரண்டு சாப்பிட்டார். கோட்பாடு போனால் போகட்டும். கல் இல்லை. பெயர் இல்லை. மேட்டில் புல் மட்டும் முளைக்கும். கீழே ஓடை ஓடையாகவே ஓடும். அவருக்கு இடமில்லாத ஆயிரம் ஆண்டில் கொன்ஸ்ரன்ரைனுக்கும் இடமில்லை. இதைவிட நீதி எங்கே கிடைக்கும்?

சில மாதம் கழித்துப் பிறெடி தொலைபேசி எடுத்தார். கல் பட்டறையில் சும்மா கிடக்கிறதாம். மேல்வரியைத் தவிர வேறொன்றும் வெட்டவில்லையாம். கம்பனியில் கேட்டால் சரிபார்த்த ஐயாவைக் கேள் என்கிறார்களாம்.

"எங்கட ஒழுங்கைக் கடைசியில தண்ணி ஓடுற கானுக்கு மூடி ஒடைஞ்சு கிடக்கு ஐயா. மழைக்கு ஆக்கள் வுழுறாங்க. இதப் போட்டா உதவியா இருக்கும்."

"தாராளமாப் போடும்."

"எழுத்துப் பக்கத்தக் கீழ வெச்சுப் போடட்டா?"

கதிர்காமநாதன் யோசித்தார். மூன்று விநாடிகூட எடுக்கவில்லை. "இல்லை, மேல."

"மேலயா? ஆக்கள் மிதிப்பாங்களே."

"எழுத்து இருந்தால் வழுக்காது," என்றார் பொறியியலாளர்.

தென்மேற்குப் பருவமழை அடித்துக் கொட்டிய ஒரு பகலில் அவர் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார். இரத்தினம்மா எங்கே என்று கேட்டதற்கு ஒரு கட்டுமான வேலையைப் பார்வையிட என்றார். பொய்யில்லை. முச்சக்கரவண்டிக்காரரிடம் ஒழுங்கையின் பெயரைச் சொன்னார்.

"எந்தப் பக்கம் ஐயா? கொன்ஸ்ரன்ரைன் கல்லடியா?"

"என்ன கல்லடி?"

"கொன்ஸ்ரன்ரைன் கல்லடி. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செல்றது."

இறங்கியபோது ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். கான் எது, தெரு எது என்று தெரியவில்லை. தண்ணீருக்குமேல் கருங்கல் பலகை மட்டும் எழும்பித் தெரிந்தது. சந்தைப் பையோடு ஒரு பெண் அதன்மேல் நின்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ஐயோ, அங்கால காலை வைக்காதீங்க ஐயா, குழி! கொன்ஸ்ரன்ரைன் கல்லுக்கு வாங்க, கொன்ஸ்ரன்ரைன் கல்லுக்கு!"

அவர் கல்லில் ஏறினார். எழுத்துகள் செருப்பைக் கவ்விப் பிடித்தன. கொஞ்சமும் வழுக்கவில்லை.

"கர்த்தர் அந்த மனுசனை ஆசீர்வதிக்கட்டும்," என்றாள் அவள், காலடியில் இருந்த பெயரைக் காட்டி. "போன மழைக்கு என்ட மகள் இதுக்குள்ள வுழுந்து கால் முறிஞ்சா. யார் ஐயா இவரு? செத்துப்போனவரா?"

"இல்லை, இருக்கிறார்," என்றார் கதிர்காமநாதன். "என்னோட படிச்சவர்."

"அப்பிடியா! குடுத்துவெச்சனீங்க."

அவள் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அது வடியும்வரை அவர் அந்தப் பெயரின்மேல்தான் நிற்கவேண்டியிருந்தது. சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தார். பட்ஜ் குழு. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் ஒரு மேடை, பின்னால் ‘அடையாளமற்ற மூடல்’ என்ற பதாகை, சற்றே குனிந்த தலை.

கதிர்காமநாதன் பெருவிரலைப் போட்டார். விரல் நனைந்திருந்ததால் தொலைபேசி ஏற்கவில்லை. சேர்ட்டின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினார்.